சாவியத் திருப்புனா என்ன சத்தம் வருது மாப்ள?

ஒரு ஊர்ல எத்தனை மெக்கானிக் இருக்காங்கன்னு தெரியோணும்னா, பழைய டீசல் பிக்கப் ஒண்ணு வெடியால நாலு மணிக்குக் கெளம்பாம நிக்கோணும் மாப்ள. பாலூத்த வந்தவன் "பம்பு போச்சு"ங்கறான். டீக்கடைக்காரன் "பேட்டரி"ங்கறான். உன்ற சித்தப்பன், சைக்கிளுக்குக் காத்தடிக்கவே அடுத்த ஊட்டுப் பையனக் கூப்புடற மனுசன், "பிளக்க மாத்துடா, சரியாப்போயிரும்"ங்கறாரு. டீசல் எஞ்சின்ல எந்தப் பிளக்க மாத்துவ? தீப்பொறி அடிக்கற பிளக்குங்கற சாமானே அதுல கெடையாது. அத அவருகிட்டப் போயிச் சொல்லிப்போடாத. அப்புறம் அடுத்த நோம்பிக்கு ஒறம்பரைக்குள்ள பேச்சுவார்த்தை நின்னுபோகும்.

நீயும் லேசுப்பட்ட ஆளா? மொத நாளு நாலு பேரக் கூட்டித் தள்ளுன. மறுநாளு எட்டுப் பேரக் கூட்டித் தள்ளுன. தள்ளற ஆளு எச்சாக எச்சாக வண்டிக்குச் சீக்குப் போயிரும்னு எந்தப் புஸ்தகத்துல படிச்சியோ. அப்புறம் டவுனுக்குப் போயிப் புதுப் பேட்டரி வாங்கியாந்து மாட்டுன. வண்டி அசையல. பேட்டரி மேல தப்பில்லேங்கற ஒரு சேதியத் தெரிஞ்சுக்க ஆயிரக்கணக்குல செலவு பண்ணுன மவராசன் நீ. மாமனக் கேட்டிருந்தா ஓசியில சொல்லியிருப்பன். ஒரு டம்ளர் காப்பித்தண்ணி ஊத்தியிருந்தாப் போதும், அதுவும் சக்கரை கம்மியா.

மூலனூர் முருங்கை லோடு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு நேரத்துக்குப் போயிச் சேரலீன்னா வெலை உனக்காகக் காத்துட்டு நிக்காது. அவசரம்தான், ஒத்துக்கறன். ஆனா அவசரத்துல கை போற எடம் பாரு, நேரா பர்சுக்குத்தான் போகுது. காசில்லாமப் பாக்கறதெல்லாம் மொதல்ல, காசு குடுத்து மாத்தறதெல்லாம் கடைசியில. இந்த வரிசையத் தலைகீழாப் புடிச்சயின்னா பட்டறைக்காரன் மச்சு கட்டுவான், கிரகப்பிரவேசத்துக்கு உன்னையும் மறக்காமக் கூப்புடுவான்.

மொதக் கேள்வி கேட்டா நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவ. கேட்டுத்தான் ஆகோணும். டீசல் இருக்குதா? "முள்ளு பாதியில நிக்குதுங்க மாமா"ங்காத. உன்ற வண்டி முள்ளு உங்கொப்பன் காலத்துல இருந்து பாதியிலதான் நிக்குது. டேங்குக்குள்ள ஒரு மெதவை கெடக்குது. அது சிக்கிக்கிட்டா முள்ளு கூச்சமே இல்லாமப் பொய் சொல்லும். சுத்தமான கம்பி ஒண்ணு உட்டு எடுத்துப் பாரு. வேப்பங்குச்சிய உட்டு அது உள்ளாறயே முறிஞ்சு, குச்சிய எடுக்க டேங்கையே எறக்குன புத்திசாலிக நம்மூர்லயே இருக்காங்க. பேரு சொல்ல மாட்டன், ஒருத்தரு உனக்குப் பொண்ணு குடுக்கற மொறை.

டீசல் இருக்குதா, சரி. இனிச் சாவி. திருப்பறதுக்கு முன்னால பாட்ட நிறுத்து. பக்கத்துல நின்னு ரோசனை சொல்றவன அக்கட்டப் போகச் சொல்லு. காத குடுத்துக் கேளு. முக்காவாசி நோவு இந்தச் சத்தத்துலயே தெரிஞ்சுபோகும். நீ என்னடான்னா "ஸ்டார்ட் ஆகலீங்க மாமா"ன்னு போன்ல ஒரே வார்த்தை சொல்லிப்போட்டு வெச்சர்ற. நான் என்ன கோடாங்கியா, உடுக்கையடிச்சுக் குறி சொல்ல?

சாவி போட்டா டேஷ்போர்டுல ஒரு விளக்கும் எரியல, ஒரு சத்தமும் இல்லன்னா, கரண்டே வந்து சேரல. டெர்மினல், மெயின் ஃபியூஸ், எர்த் வயரு, இந்த மூணையும் மொதல்ல பாரு. விளக்கெல்லாம் எரிஞ்சு, திருப்புனா "டக்"குன்னு ஒரே ஒரு சத்தத்தோட அடங்குச்சுன்னா, செல்ஃப்போட சொலினாய்டு இழுக்குது, மோட்டாருதான் சுத்தல. "டகடகடகடக"ன்னு அடிச்சா பேட்டரியில தெம்பில்ல. சொலினாய்டு இழுக்கும், மோட்டாரு கரண்டக் கேட்டதும் வோல்ட் படுத்துக்கும், சொலினாய்டு உட்டுரும், மறுபடி வோல்ட் ஏறும், மறுபடி இழுக்கும். அந்த இழுபறிதான் உனக்குக் கேக்கறது. இழுத்து இழுத்து மெதுவாச் சுத்துனாலும் கரண்டு பக்கம்தான் பழுது. நல்லா வேகமாச் சுத்துது, புடிக்க மட்டும் மாட்டேங்குதுன்னா, அப்பனே, பேட்டரியத் தொடாத. நோவு டீசல் பக்கம் இருக்குது.

நீ அந்தக் கடைசிச் சத்தம் வந்தப்பத்தான் புதுப் பேட்டரி வாங்குன. அத நெனச்சா எனக்கே சிரிப்பு வருது, உங்காத்தாளுக்கு அழுகை வருது.

"டகடக" கேசுல ஆளுக பண்ற வாதம் ஒண்ணு இருக்குது. "ஹெட்லைட் பளிச்சுன்னு எரியுதுங்களே, பேட்டரி எப்படிங்க வீக்கு?" கணக்குப் போட்டுப் பாரு. ரெண்டு ஹெட்லைட்டும் சேந்து இழுக்கறது சுமாரா 10 ஆம்பியர். டீசல் எஞ்சின் செல்ஃப் மோட்டாரு எடுத்த எடுப்புல 200, 300 ஆம்பியர்னு கேக்கும். லைட்ட எரிய வெக்கறதுக்கு ஒரு மெலிசுக் கம்பி ஒட்டிட்டிருந்தாலே போதும். செல்ஃப்புக்கு அது பத்தாது. அதனால லைட்டப் போட்டுட்டு அப்புறம் சாவியத் திருப்பு. லைட்டு மங்கிப்போச்சுன்னா பேட்டரியில சார்ஜ் இல்ல. ஒரேயடியா அணைஞ்சு போச்சுன்னா டெர்மினல் லூசு, இல்லீன்னா பேட்டரி சுத்தமாப் போச்சு. லைட்டு கொஞ்சங்கூட மங்காம எரிஞ்சுதுன்னா கரண்டு செல்ஃப்புக்கே போகல. சாவி சுவிட்சு, ரிலே, சொலினாய்டுக்குப் போற சின்ன வயரு, அந்தப் பக்கம் பாரு. அந்தச் சின்ன வயர எலி கடிச்சிருந்தாலும் ஆச்சரியமில்ல. கட்டுத்தரைக்குப் பக்கத்துல தவுட்டு மூட்டையோட வண்டிய நிறுத்துனா, எலி பானெட்டுக்குள்ள குடும்பம் நடத்தாம வேற எங்க போகும்?

டெர்மினலப் பத்திக் கொஞ்சம் நின்னு பேசோணும். ஆயுதபூசைக்கு நீ வண்டியக் கழுவி, சந்தனம் வெச்சு, முன்னால வாழைக்கன்னு கட்டி, பூசணிக்காய ஒடச்சு, நாலு தெரு சுத்திப்போட்டு வந்த. எல்லாம் பண்ணுன, பேட்டரி டெர்மினல் மேல பச்சையும் வெள்ளையுமாப் பூத்துக் கெடந்தத மட்டும் தொடல. சாமிக்கு எதுக்கு அதக் காட்டோணும்னு உட்டுட்டியாட்ட இருக்குது. கரண்டுக்கு வழி அதுதான். கிளாம்ப் மேல பாக்க முறுக்கித்தான் இருக்கும், கைய வெச்சுத் திருப்புனா ஒடனே திரும்பும். கையில திரும்பற கிளாம்ப் ஆகாது.

கழட்டறப்ப மொதல்ல நெகட்டிவ், மாட்டறப்ப கடைசியா நெகட்டிவ். ஏன்னு கேளு. பாசிட்டிவக் கழட்டறப்ப ஸ்பேனரு பாடியில பட்டாலும், நெகட்டிவ் கழண்டிருந்தாப் பொறி பறக்காது. தலைகீழாப் பண்ணுனா ஸ்பேனரு வெல்டிங் வெச்சுக்கும். சுடுதண்ணியில ஆப்பசோடாவக் கலந்து ஊத்து, பூத்ததெல்லாம் நுரைச்சுட்டு வந்துரும். மூடி எல்லாம் நல்லா இறுக்கி இருக்கோணும், சோடாத் தண்ணி பேட்டரிக்குள்ள போகப்படாது. தொடச்சு, உப்புத்தாள்ல தேச்சு, முறுக்கிப்போட்டு மேலாப்புல வாசலினத் தடவு. மூஞ்சிக்குப் பூச வெச்சிருக்கற வாசலின்தான், தைரியமா எடு. மூஞ்சிக்கு எத்தனை தடவுனாலும் பெருசா மாத்தம் தெரியல.

எல்லாரும் மறக்கற சாமான் எர்த் வயரு. எஞ்சின் ரப்பர் மவுண்டு மேல ஒக்காந்திருக்குது. பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவுல பின்னுன செம்புப் பட்டை ஒண்ணு போயிட்டிருக்கும். அது இத்துப்போனா செல்ஃப்புக்குக் கரண்டு திரும்பற வழி அடைஞ்சுபோகும். அப்ப கரண்டு சும்மா இருக்காது, ஆக்சிலேட்டர் கேபிள் வழியாப் போகப் பாக்கும். கேபிள் சூடேறிப் புகையும். நீ "கேபிள் போச்சு"ன்னு கேபிள மாத்துவ, அதுவும் புகையும். சோதிக்கறது சுளுவு. ஜம்பர் கேபிள் ஒண்ண பேட்டரி நெகட்டிவ்ல இருந்து எஞ்சின் இரும்புல நேரா மாட்டிச் சாவியப் போடு. சுத்துச்சுன்னா பட்டைதான் குத்தவாளி. அந்தப் பட்டை வெலை, நீ வாங்குன பேட்டரிக்குக் கட்டுன வரிக்குக்கூட ஆகாது.

மல்டிமீட்டரு ஒண்ணு வாங்கி வண்டியில போடு மாப்ள. நெம்ப வெலையில்ல. வண்டிய நிறுத்தி ரா முழுக்க ஆறுன பேட்டரி 12.6 வோல்ட் காட்டுச்சுன்னா வயிறு நெறைஞ்சிருக்குது. 12.2ன்னா பாதி. 12க்குக் கீழ போச்சுன்னா பட்டினி. செல்ஃப் அடிக்கறப்ப 9.6க்குக் கீழ உழுந்தா, சார்ஜ் பண்ணி மறுபடி பாரு, அப்பவும் உழுந்தா அது போயிருச்சு. எஞ்சின் ஓடறப்ப 13.8ல இருந்து 14.4க்குள்ள நிக்கோணும். அதுக்கும் கம்மின்னா டைனமோவோ, அதோட பெல்ட்டோ வேலை செய்யல. 15க்கு மேல ஏறுச்சுன்னா ரெகுலேட்டரு கெட்டு, பேட்டரியக் கொதிக்க வெச்சுட்டிருக்குது. புதுப் பேட்டரி வாங்கி டைனமோவப் பாக்காம உட்டவன், ரெண்டாவது பேட்டரிக்கும் இப்பவே காசு சேத்து வெச்சுக்கலாம்.

இதெல்லாம் சரியா இருந்தும் வெடியால மட்டும் பேட்டரி படுத்துக்குதுன்னா, ராவுத்திரிக்கி யாரோ குடிக்கறாங்க. யாருன்னு நான் சொல்லட்டுமா? கேபினுக்குள்ள ஒரு ஆம்ப்ளிஃபயரு, சீட்டுக்குப் பொறகால கேஸ் சிலிண்டரு தண்டிக்கு ஸ்பீக்கரு, முன்னால நீலம், பின்னால பச்சை, அடியில செவப்புன்னு எல்ஈடி. திருப்பூரு ரோட்டுல உன்ற வண்டி போனா தேர் வருதுன்னு கெழவிக கும்புடறாளுக. அத்தனையும் நேரா பேட்டரியில இருந்து வயரு இழுத்து மாட்டியிருக்கற, ஃபியூஸ் கெடையாது, சாவிக்கும் அதுக்கும் சம்பந்தம் கெடையாது. நெகட்டிவ் கேபிளக் கழட்டி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவுல 12 வோல்ட் பல்பு ஒண்ண வெச்சுப் பாரு. எல்லாத்தையும் அணைச்ச பொறகும் பல்பு பளிச்சுன்னு எரிஞ்சா திருடன் இருக்கான். ஃபியூஸ ஒவ்வொண்ணாப் புடுங்கு. எதப் புடுங்குனா பல்பு அணையுதோ அவன்தான். உன்ற கேசுல ஃபியூஸையெல்லாம் புடுங்க வேண்டியதில்ல, ஸ்பீக்கரப் புடுங்குனாப் போதும்.

பேட்டரிக்கு ஊத்தற தண்ணி டிஸ்டில்டு வாட்டர் மட்டும். நம்மூரு போர்த் தண்ணிய ஊத்துனா உப்பு உள்ளாற போயித் தகட்டக் கெடுக்கும். ஆசிட் வாங்கி ஊத்தற வேலையும் வேணாம். இன்னொண்ணு, சார்ஜ் ஏறற பேட்டரியில இருந்து ஐட்ரஜன் வரும், தீப்பொறி பட்டா வெடிக்கும். கட்டுத்தரைக்குப் பொறகால நின்னு நீ சிகரெட் குடிக்கறது மாமனுக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டிருக்கற. தெரியும். உங்கொப்பனுக்கும் தெரியும், அவரு பொட்டணத்துல இருந்துதான் நீ எடுக்கறங்கறதும் தெரியும். பேட்டரிக்கிட்ட மட்டும் அந்தக் கருமத்தப் பத்த வெக்காத.

அடுத்த வண்டியில இருந்து ஜம்பர் மாட்டறதுன்னா பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ் மொதல்ல. அப்புறம் தெம்பா இருக்கற வண்டியோட நெகட்டிவ். கடைசி முனைய உன்ற பேட்டரியில மாட்டாத, தள்ளி எஞ்சின் இரும்புல மாட்டு. அந்தப் பொறி பேட்டரிக்குப் பக்கத்துல பறக்கப்படாது, அதுக்குத்தான். டிராக்டர்ல இருந்து எடுத்தா அதுவும் 12 வோல்ட்தான், பரவால்ல. பெரிய லாரி, பஸ்ஸு பலதுல 24 வோல்ட் இருக்கும். "பெரிய வண்டி, பெரிய கரண்டு"ன்னு அதுல மாட்டிப்போடாத. வண்டி கெளம்பும் முன்னாலயே உன்ற ஆம்ப்ளிஃபயரு கெளம்பிப்போகும். ஊருக்கு நல்லதுதான், இருந்தாலும் வேணாம்.

செல்ஃப் மோட்டாரு விசயத்துக்கு வருவம். பேட்டரி, டெர்மினல், எர்த் எல்லாம் சரியா இருந்தும் "டக்"கோட நிக்குதுன்னா, ஒருத்தனச் சாவியப் புடிச்சுத் திருப்பச் சொல்லிப்போட்டு, ஸ்பேனரு காம்பால மோட்டாரு ஒடம்புல ரெண்டு தட்டுத் தட்டு. கியரு நியூட்ரல்ல இருக்கோணும், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கோணும். தட்டுனதும் சுத்துச்சுன்னா உள்ளாற கார்பன் பிரஷ் தேஞ்சுபோச்சுன்னு அர்த்தம். தட்டறது மருந்தில்ல, அன்னைக்கி மார்க்கெட்டுக்குப் போயிச் சேர ஒரு வழி. பிரஷ் கொஞ்சக் காசுதான், எலக்ட்ரீசியன் கழட்டி மாத்திப்போடுவான். நீ தட்டித் தட்டியே மூணு மாசம் ஓட்டுவ, எனக்குத் தெரியும். அப்புறம் ஒரு நாளு ராத்திரி ஊதியூர்க் காட்டுல நின்னு எனக்கே போன் பண்ணுவ.

செல்ஃப்ப ஒரு தடவைக்கு 10, 15 செகண்டுக்கு மேல அடிக்காத. அடிச்சா ஒரு நிமிசமாவது ஆற உடு. கோவத்தச் சாவி மேல காட்டுனா மோட்டாரு கருகும். 1912ல காடிலாக் காருல எலக்ட்ரிக் செல்ஃப் வரதுக்கு முன்னால ஒலகம் பூரா முன்னால நின்னு ஹேண்டிலச் சுத்திட்டிருந்துது. எஞ்சின் திருப்பியடிச்சா மணிக்கட்டு ஒடைஞ்சுபோகும். நீ சொகுசா ஒக்காந்து சாவியத் திருப்பிப்போட்டுச் சலிச்சுக்கற.

இப்ப மெயின் கதை. எஞ்சின் வேகமாச் சுத்துது, புடிக்கல. ஒருத்தனப் பின்னால அனுப்பி சைலன்சரப் பாக்கச் சொல்லு. செல்போனப் பாக்கற ஆள அனுப்பாத. சுத்தறப்ப புகையே வரலீன்னா டீசல் சிலிண்டருக்குப் போயிச் சேரல. வெள்ளையாப் புகை வருதுன்னா டீசல் போகுது, எரியல. ரெண்டுக்கும் வழி வேற.

ருடால்ஃப் டீசல் 1897ல செருமனியில ஓட்டிக் காட்டுன எஞ்சினோட சூச்சுமமே இதுதான். காத்த மட்டும் உள்ளாற உட்டுப் பலமா அமுக்கோணும். உன்ற பிக்கப்பு எஞ்சின்ல அது பதினெட்டு, இருபதுல ஒரு பங்காச் சுருங்கும். அமுக்குன காத்து 500 டிகிரிக்கு மேல சூடேறும். அதுல டீசலத் தூவுனாத் தானாப் பத்திக்கும். மெதுவாச் சுத்துனா அந்தச் சூடு சேரவே சேராது. பேட்டரி வீக்கா இருந்தாலும் வெள்ளைப் புகை வரும்னு இப்பத் தெரியுதா? பேட்டரி நல்லா இருந்தும் வருதுன்னா, சிலிண்டருல அமுக்கம் கொறைஞ்சுபோச்சான்னு ஒரு சந்தேகம் வெச்சுக்க.

புகை வராத கேசுல மொதல்ல ஸ்டாப்பப் பாரு. பழைய வண்டிக சிலதுல எஞ்சின நிறுத்த இழுக்கற குமிழ் ஒண்ணு இருக்கும். அத உள்ள தள்ளாம உட்டா, தமிழ்நாட்டுல இருக்கற பேட்டரியெல்லாம் கொண்டாந்து மாட்டுனாலும் கெளம்பாது. உன்ற அக்கா பையன் நேத்துப் பொழுதோட வண்டியில ஏறி டிரைவர் வெளையாட்டு வெளையாடுனானான்னு வெசாரி. ரோட்டரி பம்பு வண்டியின்னா பம்பு மேல சின்னதா ஒரு ஸ்டாப் சொலினாய்டு இருக்கும். சாவியப் போட்டதும் "டிக்"குன்னு சத்தம் வரோணும். வரலீன்னா அதுக்கு வர ஒத்த வயரு கழண்டிருக்குதான்னு பாரு. ஒரு வயரு கழண்டதுக்குப் பம்பையே எறக்கிச் செஞ்சு பில்லு குடுக்கற பட்டறையும் இருக்குது. எந்த ஊருன்னு சொன்னா வம்பு.

அதுவும் சரின்னா, ஏர் லாக். இது உனக்குப் புரியற வெசயம்தான். கெணத்து மோட்டாருல ஃபுட்வால்வு போனா ரா முழுக்க பைப்புத் தண்ணி கெணத்துக்கே எறங்கிரும், வெடியாலப் போயி மேல தண்ணி ஊத்துனாத்தான் எடுக்கும். அதே வேலைதான் இங்கயும். டேங்குல இருந்து வர ரப்பர் ஹோஸ் வெடிச்சிருக்கும், கிளாம்ப் லூசா இருக்கும், ஃபில்டரு வாசர் நசுங்கியிருக்கும். அது வழியாக் காத்து புகுந்து டீசல் பின்னால எறங்கிப்போகும். அதனாலதான் பகல்ல ஒரே அடியில கெளம்பற வண்டி வெடியால மொரண்டு புடிக்குது.

ஃபில்டரு தலையில கையில அமுக்கற பிரைமர் பம்பு இருக்கும். பக்கத்துல ஏர் எடுக்கற ஸ்குரூவ லூசு பண்ணிப்போட்டு அமுக்கு. மொதல்ல நுரையும் டீசலுமா வரும். நுரை நின்னு டீசல் மட்டும் வரப்ப, அமுக்கற கைய எடுக்காம ஸ்குரூவ முறுக்கு. அடுத்து பம்புல இருக்கற ஸ்குரூவுக்கும் இதே வேலை. அப்பவும் புடிக்கலீன்னா இஞ்செக்டருக்குப் போற பைப்பு நட்டுகள அரைச் சுத்து லூசு பண்ணிச் செல்ஃப் அடி, டீசல் கசிஞ்சதும் முறுக்கு. கைய அதுக்கு நேரா நீட்டாத. அந்த அழுத்தத்துல டீசல் தோலத் தொளைச்சு உள்ளாற போயிரும், ஆசுபத்திரியிலதான் முடியும். புது பிஎஸ்6 வண்டியில இந்த நட்டப் பக்கமே போயிராத. அதுல 1000 பாருக்கு மேல அழுத்தம் ஓடுது, கம்ப்யூட்டர்காரனத்தான் கூப்புடோணும். இந்த வைத்தியமெல்லாம் மெக்கானிக்கல் பம்பு ஓடற கெழட்டு வண்டிக்கு மட்டும்.

காத்து எங்க புகுதுன்னு கண்டுபுடிக்க, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவுல ஒரு சாண் நீளம் டீசலுக்குத் தாங்கற கண்ணாடி ஹோஸ மாட்டி ஓட்டிப் பாரு. குமிழி வந்தாக் காட்டிக்குடுத்துரும். அப்பிடியே ஃபில்டருக்கு அடியில இருக்கற ஸ்குரூவத் தொறந்து ஒரு கண்ணாடிக் கிளாசுல புடி. அடியில தண்ணி தனியா நிக்கும். மலிவாக் கெடைக்குதுன்னு கேன்ல வாங்குனயே ஒரு டீசல், அதோட தண்ணிதான். வெலை கம்மியா இருந்தது எதனாலன்னு இப்பக் கண்ணாலயே பாத்துக்கலாம்.

ஹீட்டர் பிளக்குன்னு ஒண்ணு இருக்குது, உன்ற சித்தப்பன் அதத்தான் மனசுல வெச்சுச் சொன்னாருன்னு வேணும்னா மரியாதைக்கு வெச்சுக்கலாம். சாவி போட்டாச் சுருள் படம் போட்ட ஆரஞ்சு விளக்கு எரியுதா? அது அணைஞ்ச பொறகு செல்ஃப் அடிக்கோணும். அந்த விளக்கே இல்லாத வண்டி பலது. டைரக்ட் இஞ்செக்ஷன் எஞ்சினுக்கு நம்ம சமவெளிக் குளுருக்கு ஹீட்டர் வேண்டியதே இல்ல. முட்டைக்கோசு ஏத்த ஊட்டிக்குப் போயி ராத் தங்குனா வேற கதை. தாராபுரத்துல சித்திரை மாசத்துல "ஹீட்டர் போச்சு"ன்னு ஒருத்தன் சொன்னான்னா அவனுக்கு வேற ஏதோ காசு தேவை இருக்குது.

நம்மாளுக பண்ற கோமாளித்தனமும் ஒண்ணு சொல்லோணும். பெட்ரோல்ல துணிய நனைச்சு ஏர் ஃபில்டரு வாயில வெக்கறது. டேங்குக்கு அடியில காகிதத்தக் கொளுத்திக் காட்டறது. ஸ்பிரே வாங்கி அடிக்கறது, அதுவும் ஹீட்டர் பிளக் சூடா இருக்கறப்ப. எஞ்சின் பிஸ்டன் ஒடையும், இல்லீன்னா உன்ற மீசை போகும். பொண்ணு பாக்கற நேரத்துல ரெண்டுமே ஆகாது.

தள்ளறதுதான்னு முடிவு பண்ணுனா மொறையாத் தள்ளு. சாவி ஆன்ல இருக்கோணும், ரெண்டாவது கியரு, கிளட்ச அமுக்கிப் புடி, வேகம் புடிச்சதும் உடு. பேட்டரியோ செல்ஃப்போ வீக்கா இருந்தாத்தான் இதுக்குப் பலன் உண்டு. டீசல் வராத வண்டிய எட்டுப் பேரு தள்ளுனா எட்டுப் பேருக்கும் இடுப்பு வலிதான் மிச்சம். எறக்கத்துல உருட்டறப்ப ஒண்ணு ஞாவகம் வெச்சுக்க. எஞ்சின் ஓடாத வண்டியில பிரேக்கு பூஸ்டருக்கு வேக்குவம் கெடைக்காது. ரெண்டு மிதி மிதிச்சதும் பெடல் கல்லாயிரும். முன்னால குறுக்க எரும நிக்குதான்னு பாத்துப்போட்டு உருட்டு.

வெள்ளத்துல ஓட்டிப்போட்டு நின்ன வண்டி செல்ஃப்புக்கு அசையவே இல்லீன்னா, அடிக்கறத நிறுத்திப்போடு. சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா அத அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். அதே கணக்கா, டைமிங் பெல்ட் இருக்கற எஞ்சின் வழக்கத்துக்கு மாறா லேசாச் சுத்துச்சுன்னாலும் நிறுத்து, பெல்ட் அறுந்திருக்கலாம். இந்த ரெண்டுக்கும் மெக்கானிக்கக் கூப்புட்டே ஆகோணும்.

ஆயில் ஊத்தற மூடியத் தொறந்தாப் புகை குபுகுபுன்னு வருது, வெள்ளைப் புகையும் நிக்கல, சூடான பொறகு மட்டும் ஒழுங்கா ஓடுதுன்னா அமுக்கம் போச்சு. அது எஞ்சின் வேலை. அப்ப ஒக்காந்து கணக்குப் போடு. எட்டு வருசம் தாண்டுன வண்டிக்கு வருசா வருசம் எஃப்சி வேற எடுக்கோணும். வேலை செய்யற காசும் எஃப்சிக் காசும் சேத்தா வண்டி வெலையத் தாண்டுதுன்னா வித்துப்போடு. வாங்க வரவன் சித்தப்பனக் கூட்டிட்டு வந்தான்னா இன்னும் நல்லது, பிளக்கப் பாத்துப்போட்டுப் போயிருவாரு.

மெக்கானிக்குகிட்டப் போன் பண்ணறப்பக்கூட "ஓடலீங்க"ன்னு சொல்லாத. "செல்ஃப் நல்லாச் சுத்துது, புகை வரல, ஸ்டாப் சொலினாய்டு டிக்குங்குது, ஏர் எடுத்துப் பாத்துட்டன்"னு சொல்லு. இவ்வளவு சொல்றவன்கிட்டப் பில்லு போடறப்ப அவன் கை கொஞ்சம் நடுங்கும். சொல்லிப்போட்டு, கிளாம்ப், பட்டை, ஹோஸ், ஃபில்டரு வாசர் இந்த நாலையும் ஒரு செட்டு வாங்கிச் சீட்டுக்கு அடியில போட்டு வெய்யி. ஸ்பீக்கர எடுத்தா எடம் தாராளமாக் கெடைக்கும். பத்தாம் நம்பர் ஸ்பேனரும் ஒண்ணு வாங்கிக்க. உங்கொப்பன் கலியாணத்துக்கு முன்னால என்றகிட்ட வாங்கிட்டுப் போன ஸ்பேனரு இன்னும் உங்க ஊட்டுலதான் கெடக்குது, அத நாளைக்கிப் பொழுதோட கொண்டாந்து குடுத்துப்போடு.